மேடையில் நால்வர், நாற்காலியில் மூவர்

இராயபுரம் பனைமரத்தொட்டியில் குடியிருப்பவரும், துறைமுகத்தில் முப்பத்தோராண்டு கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவரும், 'சால்ட் கோட்டர்ஸ்' என்னும் ராக் இசைக்குழுவைத் தோற்றுவித்து இன்றளவும் அதன் கீபோர்டுக்குப் பின்னால் அமர்ந்து வருபவருமாகிய திருவாளர் சூசை பெர்க்மான்ஸ் அவர்களுக்கு அன்று அறுபத்தாறு வயது நிறைந்திருந்தது. வேப்பேரியில் ஒரு சிற்றரங்கின் மேடையில், நீல விளக்கின் கீழே, அவருடைய இடக்கைச் சுண்டுவிரல் முதல் கட்டையை அழுத்திற்று, அழுத்தியபடியே நின்றது. தாழ்ந்த ஒற்றைச் சுரம் கப்பலின் வயிற்றிலிருந்து வருவதுபோலக் கிளம்பி, அரங்கின் சுவர்களைத் தொட்டுத் திரும்பியது. இன்னும் நெடுநேரம் அந்தச் சுரம் மட்டுமே ஒலிக்கும். அப்படித்தான் எழுதியிருந்தார். 'கடற்சுவர்' என்று பெயரிட்டு ஒன்பது ஆண்டுகள் எழுதிய அந்தப் பாட்டு முழுதாக வாசித்தால் அரை மணி நேரம் ஓடும். நடுவில் தாளம் மாறும், நிற்கும், மறுபடி எழும். பாடுவதற்கு ஒரு சொல்லும் கிடையாது. புரோகிரசிவ் ராக் என்று உலகம் அழைக்கும் இந்த இசைவகையில் அதெல்லாம் குற்றமல்ல, இலட்சணம். குற்றம் வேறிடத்தில் இருந்தது. விரலை எடுக்காமலே தலையை நிமிர்த்தி அரங்கைப் பார்த்தார். வரிசை வரிசையாகச் சிவப்பு நாற்காலிகள். மூன்று பேர். எண்ணியதில் பிழை இருக்கலாம் என்று மறுபடி எண்ணினார். பிழை செய்யும் அளவுக்கு அங்கே ஆளில்லை.

மூவரில் முதலாமவர் அவருடைய மனைவி அமலோற்பவம். முன்வரிசையில், மடியில் பிளாஸ்க்கோடு, பூசைக்கு வந்தவளைப்போல முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். நடுவே ஒரு பெண், கல்லூரி வயது, கிராப்பு வெட்டிய தலை. நண்பகலிலேயே வந்து இடம் பிடித்துவிட்டவள். மூன்றாமவர் நனைந்த குடையோடு கழிவறைப் பக்கத்து நடைவழியாக நுழைந்த ஒரு நடுவயதுக்காரர். இசைக்கு வந்தாரா, மழைக்கு ஒதுங்கினாரா என்பதை அவரே இன்னும் தீர்மானிக்கவில்லை என்று முகம் சொல்லிற்று. மூன்று. மேடையிலோ நான்கு. திரைக்குப் பின்னால் நார்மன் சொன்னது இன்னும் காதில் சூடாக இருந்தது. நார்மன், அவரோடு சேர்ந்து இந்தக் குழுவைத் தொடங்கிய டிரம்காரர், நாற்பத்தோராண்டு நண்பர், ஒரு சொல் சொன்னால் அதைத் திரும்ப எடுக்கத் தெரியாதவர். "பெர்க்கு, கேட்டுக்கோ மேன். நாம நாலு பேரு. பாட்டு முடியும்போது கீழ நாலு தலையாவது இருக்கணும். அதுக்குக் கொறைஞ்சா இன்னியோட நான் கழண்டுக்கறேன்." "அமலுவைச் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று இவர் கேட்டார். "வூட்டுக்காரங்களைக் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு அந்தக் காலத்துல நீதானே ரூலு போட்டே? சரி போ, இன்னிக்கு அமலுவையும் சேத்துக்கோ. கருணை அடிப்படை." கிதார் வாசிக்கும் எழிலரசனும் பேஸ் வாசிக்கும் ரஹீமும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் நார்மன் சிரிக்கவில்லை என்பதைக் கண்டார். ஒரே ஓர் ஆள் போதும். எதிரே அந்தப் பெரிய இரட்டைக் கதவு ஒரே ஒரு முறை திறந்தால் போதும்.

திறக்கவில்லை. கதவுக்கடியில் ஒரு கோடு வெளிச்சம், அதில் ஏதோ நிழல் நகர்ந்தது. காவலாளி கன்னியப்பனின் கால்களாக இருக்கும், அந்த மனிதருக்கு ஓரிடத்தில் நிற்க முடியாது. இரண்டாவது விரல் இறங்க வேண்டிய நேரம். இறங்கியது. முதற்சுரத்தோடு ஒட்டாமல், பல்லில் மணல் சிக்கியதுபோல் உரசும் சுரம். அந்த உரசலை ரசிக்கப் பழகவே ஒருவனுக்கு ஆண்டுகள் வேண்டும் என்று மகன் சொன்னான். மஸ்கட்டிலிருந்து தொலைபேசியில் சொன்னான். "அப்பா, இதையே மூணு நிமிசமா வெட்டிப் போன்ல போடுங்க, லட்சம் பேரு பாப்பாங்க." "பாப்பாங்கடா, கேக்கறது யாரு?" என்று இவர் வாய் முந்திக்கொண்டது. வாய் எப்போதும் முந்திக்கொள்கிறது, விரல்தான் பொறுமையாக இருக்கிறது. மூன்று நிமிடத்தில் என்ன சொல்வது? மூன்று நிமிடத்தில் கப்பல் கயிறுகூட அவிழாது. கிரேன் கூண்டில் தனியாக உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், கீழே மனிதர்கள் எறும்பாகத் தெரிய, இரும்புக் கொக்கி காற்றில் ஆடி ஆடிச் சங்கிலியில் மோதும். ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு மூன்று, என்று ஏழாக மோதும். ஏழு என்பது அவர் கண்டுபிடித்த கணக்கன்று. காற்று போட்ட கணக்கு. அதைத்தான் எழுதினார். அங்கே யாரும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதற்காக ஒரு நாளும் பாரத்தைச் சாய்வாக இறக்கியதில்லை. அப்படியென்றால் இந்த மூன்று பேரைக் கண்டு ஏன் கண் கதவுக்கே ஓடுகிறது? கூண்டுக்கு யாரும் வருவதாகச் சொல்லவில்லை, அதனால். இங்கே வருவதாகச் சொன்னார்கள். போனில், தேவாலய வாசலில், மீன் கடையில், எத்தனை வாய்கள், "கண்டிப்பா வரேன்ணே, குடும்பத்தோட வரேன்" என்று. கண்டிப்பாக என்ற சொல்லை அகராதியிலிருந்து எடுத்துவிடலாம்.

டம். நார்மன் காலால் பெரிய டிரம்மை ஒரு முறை அடித்தார். நீண்ட இடைவெளி. டம். மறுபடி. பாட்டின் இரண்டாம் பகுதி இது. ஒவ்வொரு கருவியாகத் தனித்தனியே எழும், துறைமுகம் விடியலில் ஒவ்வொரு ஓசையாகக் கண் விழிப்பதைப்போல. டம். பிறகு ரஹீமின் பேஸ், ஒரே தந்தி, மேலே ஏறி, சறுக்கி, மீண்டும் அதே இடத்துக்கு. பிறகு எழிலரசனின் கிதார், ஒரு சுரத்தைக் கிள்ளி அது அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி அதே சுரம். ஒத்திகையில் எழிலரசன், "அங்கிள், இதைக் கொஞ்சம் சுருக்கலாமா? எனக்கே கை மரத்துப்போகுது" என்று கேட்டதுண்டு. சுருக்கவில்லை. விடியலைச் சுருக்க யாருக்கு அதிகாரம்? நார்மன் அப்போது சிரித்தார். நார்மன் இப்போது சிரிக்கவில்லை. நார்மனின் கண் நாற்காலிகளை அளந்துகொண்டிருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டல் நார்மனைக் கூப்பிட்டிருக்கிறது. சனிக்கிழமை தோறும். எல்லாரும் அறிந்த பாட்டுகள், எல்லாரும் கூடவே பாடுவார்கள், நிறைந்த மேசைகள். "மூணு நிமிசம் பாட்டு, மூணு நிமிசம் கைத்தட்டு, நடுவுல பிரான் ஃபிரை" என்று சொல்லும்போது நார்மனின் குரலில் ஆசையில்லை, களைப்பு இருந்தது. ஆசையாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நார்மன் போனால் இன்னொருவர் வரமாட்டார். ஏழும் ஐந்தும் பதினொன்றுமாகக் கால் மாற்றி நடக்கும் இந்தப் பாட்டை நார்மனின் உடம்பில் ஏற்றவே இரண்டு வருடம் பிடித்தது. புதிதாக ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் சலிக்காமல் கற்று, அதற்குள் தமக்கு எழுபது. இன்று முடிந்தால் முடிந்ததுதான். 'கடற்சுவர்' ஒரே முறை, மூவர் முன்னிலையில் வாசிக்கப்பட்டு இறந்தது என்று ஆகும்.

நின்றது. எல்லாக் கருவிகளும் ஒரே கணத்தில் நின்றன. பாட்டில் எழுதியுள்ள மௌனம். மனத்துக்குள் இரண்டு முறை ஏழு எண்ண வேண்டும். ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு. பட், பட், என்று இரண்டு கைத்தட்டல் எழுந்தது. குடைக்காரர். வேறு யாரும் தட்டாததைக் கண்டு கைகளைக் குடைக்கடியில் ஒளித்துக்கொண்டார். பெர்க்மான்ஸின் எண்ணிக்கை தடுமாறியது. எங்கே விட்டோம், ஐந்தா, ஆறா? ரஹீமின் பாதத்தைப் பார்த்தார், அது எண்ணிக்கொண்டிருந்தது, அதில் தொற்றிக்கொண்டார். அந்த மனிதர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் கைத்தட்டல் தவறான இடத்தில் விழுந்தது என்றாலும் இந்த அரங்கில் இதுவரை விழுந்த ஒரே கைத்தட்டல் அதுதான். ஒரு காலத்தில் தவறான இடத்தில் ஆயிரம் பேர் தட்டினார்கள். எண்பதுகளில், கல்லூரி விழாக்களில், மணல் திடலில், தட்டினார்கள், ஊளையிட்டார்கள், "சினிமாப் பாட்டு போடுய்யா" என்று செருப்பை வீசினார்கள். ஒரு செருப்பு கீபோர்டின் மேல் விழுந்து தானாக ஒரு சுரம் எழுப்பியது, நல்ல சுரம், அதைப் பிறகு ஒரு பாட்டில் சேர்த்துக்கொண்டார். வெறுப்பதற்காகவாவது வந்தார்கள். பிறகு வெறுப்பவர்களும் வேறு வேலை பார்க்கப் போனார்கள். போன முறை ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் ஐந்து பேர். ஐந்தாமவர் பில்லுக்காகக் காத்திருந்த சர்வர். அதற்கு முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் ஒலிபெருக்கிக்காரரின் உறவினர் கூட்டம், பாட்டு தொடங்கியதும் டிபன் பொட்டலம் பிரித்தது. எங்கே போகிறார்கள் இந்த இசையைக் கேட்கிறவர்கள்? இருக்கிறார்கள். வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, காதுக்குள் இயர்போன் செருகிக்கொண்டு கேட்கிறார்கள். தனியாகக் கேட்டுப் பழகியவர்களுக்குக் கூட்டத்தில் வந்து உட்காரக் கூச்சம். அவருக்கே கூச்சந்தான். மற்றவர் கச்சேரிக்கு அவர் கடைசியாகப் போனது எப்போது? நினைவில்லை. அந்த இடத்தில் மனம் முள்ளில் மாட்டிய வேட்டிபோல் நின்றது. கிழித்துக்கொண்டுதான் அப்பால் போக வேண்டியிருந்தது.

ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு மூன்று. இப்போது நால்வரும் சேர்ந்து ஓடினார்கள். விரல்கள் தாமாகவே ஓடின. விரல்கள் ஓடும்போது மனத்துக்கு வேலையில்லை, வேலையில்லாத மனம் கதவையே பார்த்தது. வெளிச்சக் கோட்டில் நிழல்கள் கூடியிருந்தனவா? கன்னியப்பனுக்கு எத்தனை கால்? வெளியே ஒரு குரல் கேட்டதுபோல் இருந்தது, மழையாகவும் இருக்கலாம். முன்வரிசையில் அமலோற்பவத்தின் உதடு அசைந்தது. செபமில்லை. எண்ணுகிறாள். ஒன்பது வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் குழம்பு கிளறிக்கொண்டே கேட்டவள், கரண்டியும் ஏழில்தான் சுழலும். காலையில் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே, "நான் ஒருத்தி வந்தா கூட்டமாயிடுமா? சரி வரேன். முன்னாடி உக்காந்து நாலு குரல்ல இருமறேன், இருட்டுல கூட்டம் மாதிரி கேக்கும்" என்றாள். "இருமினா எந்த இடத்துலன்னு நான் சொல்றேன்" என்றார் இவர். "போதுமே, என் இருமலுக்கும் தாளம் எழுதிடாதீங்க." இப்போது அவள் இருமவில்லை. மூச்சைக்கூட அடக்கி உட்கார்ந்திருந்தாள். ஏனென்றால் அவளுக்கும் தெரியும், நார்மன் சொன்னதை எழிலரசன் அவள் காதில் போட்டிருப்பான், போடாமல் இருக்க மாட்டான். தெரிந்தும் திரும்பிக் கதவைப் பார்க்காமல் இருக்கிறாள். அவளுக்குள்ள துணிவு தமக்கில்லையே என்று நினைத்த கணத்தில் வலக்கை ஒரு கட்டை தவறியது; யாருக்கும் தெரியாது; நார்மனுக்குத் தெரியும்.

நார்மன் இடக்கைக் குச்சியைத் தலைக்கு மேல் உயர்த்தினார். அது குழுவின் பழைய குறிப்பு. கூட்டம் கலைகிறது, அல்லது மின்சாரம் போய்விடும்போல் இருக்கிறது, அல்லது யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்றால் குச்சி உயரும். இவர் தலையசைத்தால் எல்லாரும் நடுப்பகுதியைத் தாண்டிக் கடைசிப் பகுதிக்குப் பாய்ந்துவிடுவார்கள். இவர் தலையசைத்தால். குச்சி காற்றில் நின்றது. எழிலரசன் பார்த்தான், ரஹீம் பார்த்தான். தலையசைத்தால் பத்து நிமிடத்தில் பாட்டு முடியும். அமலுவின் பிளாஸ்க்கில் காப்பி. நார்மனோடு கைகுலுக்கல், "நல்லா போச்சு மேன்", ஆட்டோ. இடது மணிக்கட்டில் அந்தப் பழைய மரப்பு ஏறிக்கொண்டிருந்தது. நரம்பு மருத்துவர், "நீட்டி வாசிக்காதீங்க" என்று இரண்டு முறை சொல்லியிருந்தார். தாண்டுவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. தாண்டாமல் இருப்பதற்கு ஒரே காரணம், நடுப்பகுதி இருக்கிறது என்பது. கடற்சுவரில் நடுவில் கல் வைக்காமல் இரண்டு முனையை மட்டும் கட்டினால் அதற்குப் பெயர் சுவரல்ல. மூன்று பேர் என்றால் மூன்று பேருக்கும் முழுப் பாட்டும் உண்டு. ஆள் குறைந்தால் பங்கு குறையும் என்று எந்த நியாயம் சொன்னது? பெர்க்மான்ஸ் நார்மனின் கண்ணைப் பார்த்து, தலையை மெதுவாக, இடவலமாக ஆட்டினார். குச்சி இன்னும் இறங்கவில்லை. மறுபடி ஆட்டினார், இம்முறை தாடை இறுக. குச்சி இறங்கியது, அடியாக இறங்கியது, நார்மன் ஆத்திரத்தில் அடிக்கும்போதுதான் மிக நன்றாக அடிப்பார் என்பதை இந்த ஊரில் மூன்று பேர் இப்போது அறிந்துகொண்டார்கள்.

அப்போது அந்தப் பெண் எழுந்தாள். கிராப்புத் தலைப் பெண். பையைத் தோளில் மாட்டினாள். இரண்டு. மூன்று இரண்டாகிறது. போம்மா, பரவாயில்லை, உனக்கும் பேருந்து இருக்கும், விடுதிக் கதவு இருக்கும். வரிசையை விட்டு வெளியே வந்தாள். நடைபாதையில் நின்றாள். கதவுப் பக்கம் திரும்பவில்லை. முன்னால் நடந்து வந்து, அமலோற்பவத்துக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, அதன்மேல் விரல்களால் தட்டத் தொடங்கினாள். ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு மூன்று. ஒரு தட்டும் பிசகவில்லை. பதினொன்றுக்கு மாறும் இடத்தில் தடுமாறினாள், சிரித்தாள், பிடித்துக்கொண்டாள். பெர்க்மான்ஸ் கதவைப் பார்ப்பதை விட்டார். எப்போது விட்டார் என்று அவருக்கே தெரியாது. மரத்த மணிக்கட்டு அவருடையதாக இல்லாமல் போயிற்று. கட்டைகள் சூடாக இருந்தன. நடுப்பகுதி, யாரும் கேட்டிராத அந்த நடுப்பகுதி, கல் கல்லாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. நார்மன் போகட்டும். போனால் டிரம் இல்லாமல் எழுதுவோம். ரஹீமும் போகட்டும், எழிலரசனும் போகட்டும். ஒரு கையால் வாசிக்கும்படி எழுதுவோம். மணிக்கட்டு போனால் மறு மணிக்கட்டு. இந்த நினைப்பில் துக்கமே இல்லை என்பது அவருக்கு வியப்பாக இருந்தது. கடைசிப் பகுதி வந்தது. நால்வரும் ஒரே சுரத்தில் ஏறினார்கள். ஏறி, நின்று, விட்டார்கள்.

மூன்று பேர் கைத்தட்டினார்கள். குடைக்காரர் இம்முறை சரியான இடத்தில், கொஞ்சம் தயங்கி, பிறகு பலமாகத் தட்டினார். நார்மன் குச்சிகளைச் சேர்த்துத் துண்டில் சுற்றினார். வெறுங்காலோடு வாசிப்பவர், குனிந்து ஒரு செருப்பை மாட்டினார். "நல்லா வாசிச்சோம் மேன்" என்றார், முகத்தைக் காட்டாமல். "நல்லாத்தான் வாசிச்சோம். ஆனா சொன்னா சொன்னதுதான்." "தெரியும் நார்மா" என்றார் பெர்க்மான்ஸ். அந்த நேரத்தில் இரட்டைக் கதவு ஒரு சாண் திறந்தது; கன்னியப்பனின் தலை மட்டும் உள்ளே நீண்டது. "சார், செக்கிங் முடிஞ்சுதா? ஆளுங்களை வுடலாமா?" "எந்த ஆளுங்களை?" என்றார் பெர்க்மான்ஸ். "டிக்கெட் வாங்குன ஆளுங்க சார். எவ்ளோ நேரமா நிக்கறாங்க. மழை வேற. ஒருத்தர் வேலூர்லேர்ந்து வந்துருக்காரு." "ஏன்யா உள்ள விடல?" "நீங்கதானே சார் மத்தியானம் சொன்னீங்க, செக்கிங் முடியாம ஒரு ஈ காக்கா உள்ள போவக் கூடாதுன்னு? முடிஞ்சுதுன்னு யாரும் வந்து சொல்லலியே." "முப்பது நிமிஷமாக் கச்சேரி நடந்துதே, காதுல விழலையா?" கன்னியப்பன் உண்மையாகவே திகைத்தார். "கச்சேரியா? டம்மு டம்முன்னு ஒரே அடி, கொய்ங்குன்னு ஒரே கம்பி, நிறுத்துறீங்க, மறுபடி ஆரம்பிக்கிறீங்க. அந்த வேலூர்காரரே சொன்னாரு, சவுண்டு சரியா செட் ஆவல போலிருக்கு, பொறுமையாப் பண்ணட்டும், தொந்தரவு பண்ணாதேன்னு." முதலில் சிரித்தது அமலோற்பவம். பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். பெர்க்மான்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது ஆண்டு, முகம் சுண்டிப்போயிற்று, காதுமடல் எரிந்தது. இந்த இசைக்காகவே ஊர்விட்டு ஊர் வந்தவரும் அதைக் கருவி சோதிப்பது என்றுதான் நினைத்தாரா? பிறகு, மழையில் நின்றபடி அதைப் பொறுமையாகப் பண்ணட்டும் என்றாரே, அந்தச் சொல் மெல்ல உள்ளே இறங்கியது. "எத்தனை பேரு?" என்றார். "பதினோரு பேரு சார். ரெண்டு பேரு டீக்கடையில."

பெர்க்மான்ஸ் திரும்பினார். நார்மன் ஒரு செருப்போடு நின்றிருந்தார். "ரூலு ரூலுதான் பெர்க்கு" என்றார், ஆனால் மறு செருப்பைத் தேடவில்லை. "பாட்டு முடியும்போது உள்ள மூணு பேருதான் இருந்தாங்க." "பாட்டு முடிஞ்சுதுன்னு யார் சொன்னா?" என்றார் பெர்க்மான்ஸ். "செக்கிங்தான் முடிஞ்சுது. காதால கேட்டியே." நார்மன் அவரை முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவர் வாய் கோணியது. "உன்னை மாதிரி பிடிவாதக்காரனை நான் பாத்ததே இல்ல மேன்" என்று செருப்பை உதறித் தள்ளிவிட்டு, துண்டைப் பிரித்தார். "ஓட்டல்காரனுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன், சனிக்கிழமை எனக்கு ஒழியாதுன்னு." கதவின் இரண்டு பக்கமும் திறந்தன. ஈரத் தலைகளோடு, ஒருவரை ஒருவர் பார்க்கக் கூசியபடி, இரண்டு மூன்று நாற்காலி இடைவெளி விட்டு விட்டு அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். குடைக்காரர் எழுந்து, "மறுபடியும் அதேவா?" என்று கேட்டார். "அதேதான்" என்றார் பெர்க்மான்ஸ். "முழுசாவா?" "முழுசா." அவர் சற்று யோசித்து, குடையை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார். பெர்க்மான்ஸ் மணிக்கட்டை ஒரு முறை உதறினார், இடக்கைச் சுண்டுவிரலை முதல் கட்டையின் மேல் வைத்தார், அழுத்தினார். 'சால்ட் கோட்டர்ஸ்' கலைவதில்லை என்பதும், 'கடற்சுவர்' ஒரு கல்லும் குறையாமல் வாசிக்கப்படும் என்பதும் இவ்வாறு முடிவான நாள், இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினேழாம் தேதி, சனிக்கிழமை.